குறிப்புரைப் பத்தியில் எழுதாமல் விட்டது

சித்தையன்கோட்டையில் ஒரு துண்டு நன்செய் வைத்திருப்பவர் இன்று இணையத்தில் பட்டா நகல் எடுத்தால் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். மாவட்டம் திண்டுக்கல், வட்டம் ஆத்தூர், வருவாய்க் கிராமம், பட்டா எண், உரிமையாளர் பெயர். அதன் கீழே புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், பரப்பு ஹெக்டேர் ஏரில், தீர்வை ரூபாய் பைசாவில். கடைசிப் பத்திக்குத் தலைப்பு ‘குறிப்புரைகள்’. குடகனாற்றுச் சமவெளியில் அண்ணன் தம்பி பங்கு, பேரன் பங்கு என்று வயல் துண்டாகத் துண்டாக உட்பிரிவு எண்ணும் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு நீட்சிக்கும் ஒரு கதை உண்டு. ஆனால் அந்தக் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் இருப்பது ஓர் உத்தரவு எண்ணும் ஒரு தேதியும்தான். கிரயத்தால் மாறியதா, பாகப்பிரிவினையா, வாரிசு வழியா, கோர்ட்டுத் தீர்ப்பா என்று கேட்டால் அந்தப் பத்தியிடம் பதில் கிடையாது. மாறியது என்பது வரைக்கும்தான் அதற்குத் தெரியும்.

இதே அமைப்பில் இன்னொரு பதிவேடு உலகெங்கும் நாள்தோறும் எழுதப்படுகிறது. கட்டற்ற மென்பொருளை எழுதுகிறவர்கள் நிரலில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் ‘கமிட்’ என்று பதிந்து வைக்கிறார்கள். அதற்கு அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ‘கிட்’ என்ற கருவி, எந்த வரி போனது, எந்த வரி வந்தது, யார் எழுதியது, எப்போது, எந்த முந்தைய கமிட்டின் மேல் இது அமர்கிறது என்பதையெல்லாம் தானே குறித்துக்கொள்ளும். மனிதன் எழுத வேண்டியது ஒன்றுதான்: கமிட் குறிப்பு. ‘பிழை நீக்கம்’ என்று இரண்டு சொல்லை எழுதிவிட்டும் போகலாம். எதற்காக இந்த மாற்றம், இதற்கு முன் என்ன கெட்டிருந்தது, வேறு வழிகளை ஏன் விட்டோம் என்று நாலு வரி எழுதியும் வைக்கலாம். இந்த நாலு வரியை நல்ல பழக்கம், மரியாதை என்ற கணக்கில் சேர்த்துப் பேசுவது வழக்கம். என் வாதம் அதைவிடக் கொஞ்சம் கடுமையானது. மாற்றத்தின் காரணம் பதிவின் ஓர் உறுப்பு; அது இல்லாத பதிவு பாதிப் பதிவு. திண்டுக்கல் சீமையின் நிலக் கணக்கு 200 ஆண்டுகளாக இதற்குச் சான்று சொல்லிக்கொண்டிருக்கிறது, சில இடங்களில் செய்து காட்டி, சில இடங்களில் செய்யாமல் விட்டு.

மைசூரிடமிருந்து 1790இல் பிடித்த திண்டுக்கல் சீமை 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் முறைப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. 1796இல் ஹர்டிஸ் ஆட்சியராக வந்த பிறகு நிலத்தை அளந்து தீர்வை விதிக்கும் வேலை மும்முரமாக நடந்தது. ஆனால் கம்பெனி வெறுந்தரையில் கணக்குத் தொடங்கவில்லை. ஊர்க் கணக்கு அதற்கு முன்பே கணக்குப்பிள்ளையின் கையில், ஓலையிலும் காகிதத்திலும் இருந்தது. பசலி, ஜமாபந்தி, பைமாஷ் என்று நாம் இன்னும் புழங்கும் சொற்களே அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சம். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கும்; ஆங்கில ஆண்டில் 590ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும். பசலி முடிகிற சமயத்தில் ஜமாபந்தியில் கணக்கு முழுவதையும் மேலதிகாரி முன் விரித்து வைத்து, ஆண்டில் நடந்த மாறுதல்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ‘அ’ பதிவேடு நிலத்தின் நிலையைச் சொல்லும், அடங்கல் அந்த ஆண்டில் என்ன பயிர் என்று சொல்லும், சிட்டா யார் யாருக்கு என்ன என்று சொல்லும். ஒன்றை ஒன்று சரிபார்க்கும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. ஏன் மாறியது என்பதற்கென்று ஒரு பதிவேடு இல்லை. அது கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருந்தது.

இந்தத் தலைக்கணக்கைப் புகழ்ந்து பாடுவதற்கில்லை. காரணம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது அவருடைய அதிகாரம். கர்ணம் என்றும் சொல்லப்பட்ட கணக்குப்பிள்ளையின், பரம்பரையாகக் கைமாறிய வேலையின் பலமே அதுதான். எந்த வரப்பு எந்தப் பஞ்சாயத்தில் நகர்ந்தது, எந்தப் பட்டா எந்தக் கடனுக்கு ஈடாகப் பெயர் மாறிக் கடன் அடைந்தும் திரும்பாமல் நின்றது என்பதை அவர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. சொல்வதற்கு ஒரு விலையும் இருந்திருக்கலாம். ஆகவே 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒட்டுமொத்தமாக ஒழித்து, தேர்வு வழியே வரும் கிராம நிர்வாக அலுவலரை அந்த இடத்தில் வைத்தபோது அதற்கு வலுவான நியாயம் இருந்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாளில் வேலையை இழந்தார்கள் என்ற மனிதத் துயரம் வேறு விஷயம். பதவி பிறப்பால் வரக் கூடாது என்ற கொள்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று எல்லாரும் யு.டி.ஆர். என்று சொல்லும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979 ஜூன் 1இல் தொடங்கி 1987 ஏப்ரல் 30 வரை நடந்தது. பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் தாத்தா பெயர் அப்படியே இருக்க, நிலத்தை உழுவது பேரனாக இருந்தது. அதைச் சரிசெய்து நடப்பு உடைமைக்கு ஏற்பப் புதிய பதிவேடு எழுதுவதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆக, பதிவேட்டைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்த எட்டு ஆண்டுகளின் நடுவிலேயே, பழைய பதிவேட்டின் காரணங்களை அறிந்திருந்த ஆட்கள் வெளியே போனார்கள். இரண்டு முடிவுகளும் தனித்தனியே சரியானவையாக இருக்கலாம். சேர்ந்து நடந்ததில் ஒரு முழுத் தலைமுறையின் ‘ஏன்’ காகிதத்தில் ஏறாமலே நின்றது என்று நான் ஊகிக்கிறேன். விளைவு தெரிந்ததுதான். யு.டி.ஆர். பிழை என்ற சொற்றொடர் இன்று தமிழ்நாட்டில் தனி ஒரு மனு வகையின் பெயர். அதைத் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலருக்கு. மனுதாரர் பைமாஷ் எண்ணிலிருந்து பழைய புல எண், அதிலிருந்து புதிய எண் என்று ஏணி ஏறி இறங்க வேண்டும். 1979க்கு முன் என்ன இருந்தது என்பதற்குத் தாள் உண்டு, 1987க்குப் பின் என்ன இருக்கிறது என்பதற்கும் உண்டு. நடுவில் இந்தப் பெயர் ஏன் விழுந்தது என்பதற்குத்தான் தாள் கிடைப்பதில்லை. வேண்டுமென்றே எடுத்தார்களா, எழுத்துப் பிழையா? இரண்டும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். நிரலில் காணாமல் போன ஒரு வரியைப் பார்த்து ‘இதைத் தெரிந்து நீக்கினார்களா, தவறிப் போயிற்றா’ என்று குழம்புகிற ஒவ்வொருவரும் அந்த மனுதாரரின் வரிசையில்தான் நிற்கிறார்.

வருவாய்த் துறைக் கணக்கு இப்படி என்றால், நாலு தெரு தள்ளிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேறொரு மரபு இருந்தது. 1864ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு ஆவணம் எழுதுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அந்தத் தொழில் காரணத்தை விடவில்லை. பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்துப் படித்தாலும், சொத்து விவரத்துக்கு வெகு முன்பே, இன்னாருக்கு இன்ன வகையில் பாத்தியப்பட்டது, இன்ன பத்திரப்படி வந்தது, இப்போது மகள் கல்யாணச் செலவுக்காகவோ பிதுரார்ஜிதக் கடனை அடைப்பதற்காகவோ விற்கிறோம் என்று மூச்சுவிடாமல் ஓடும் ஒரு வாக்கியம் இருக்கும். இது வெறும் வாய்ச்சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. 1856இல் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், மைனரின் சொத்தை நிர்வகிப்பவர் அதை ஈடு வைப்பதும் விற்பதும் அவசியத்தின்பேரில்தான் செல்லும், கடன் கொடுப்பவர் அந்த அவசியத்தை விசாரித்திருக்க வேண்டும் என்று வகுத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தை விற்கும் குடும்பத் தலைவருக்கும் அதே அளவுகோல் வந்து சேர்ந்தது. அதாவது, காரணம் இல்லாவிட்டால் மாற்றமே கேள்விக்குரியது. 1916இல் பங்க சந்திர தர் பிஸ்வாஸ் வழக்கில் அதே மன்றம் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொன்னது. பத்திரம் எழுதிய சூட்டோடு வழக்கு வந்தால் அதிலுள்ள காரண வாசகத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை, ஏனென்றால் ஆட்களையே கூப்பிட்டுக் கேட்கலாம். காலம் போய், சம்பந்தப்பட்டவர்கள் மூப்படைந்தோ இறந்தோ போன பிறகு, நம்பத்தக்கதாக இருக்கும் அந்த வாசகத்தின் எடை கூடுகிறது, அதை லேசாகத் தள்ள முடியாது. கமிட் குறிப்பைப் பற்றி மென்பொருள் உலகத்தில் எழுதப்பட்டவற்றில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. எழுதிய வாரத்தில் அந்தக் குறிப்பு யாருக்கும் வேண்டாம். பத்தாண்டு கழித்து அதைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாகவே எழும். பத்திர எழுத்தர்கள் காரணத்தையும் அச்சடித்த வாசகம்போல் எழுதினார்களே, எந்தப் பத்திரத்தைப் புரட்டினாலும் ‘குடும்ப அவசியத்தை முன்னிட்டு’ என்றுதானே இருக்கிறது? உண்மை. அந்த மூன்று சொல்லும் ‘பிழை நீக்கம்’ என்ற கமிட் குறிப்பும் உடன்பிறப்புகள். ஆனால் கோர்ட்டுகள் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. வெறுமனே அவசியம் என்று எழுதிய பத்திரத்துக்கும், இன்னாரிடம் இன்ன தேதியில் வாங்கிய இன்ன தொகை புரோநோட்டுக் கடனுக்காக என்று எழுதிய பத்திரத்துக்கும் மதிப்பு வேறு; பின்னது வேறு தாள்களோடு ஒத்துப்பார்க்கத் தக்கது. பொய் எழுதலாமே என்றால், எழுதலாம். விவரத்தோடு எழுதிய பொய் பிடிபடும் என்பதுதான் விவரத்தின் பயன். மொட்டையாக எழுதிய வாசகத்தில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. பத்திரப் பதிவில் இதற்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அடித்தல், திருத்தல், வரிகளுக்கிடையே செருகியது எதுவானாலும் எழுதிக் கொடுத்தவர் அதைச் சான்றொப்பமிட வேண்டும், இல்லையேல் பதிவாளர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறு பதிவான பின் தெரியவந்தால் பழைய பத்திரத்தைச் சுரண்ட முடியாது. பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியே எழுதி, எந்தப் பத்திரத்தில் எது தவறு, எப்படி நேர்ந்தது என்று சொல்லிப் பதிய வேண்டும். பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும், இரண்டுக்கும் நடுவே விளக்கம் இருக்கும்.

மென்பொருள்காரர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி இப்போது புரியும். 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ்., நிரல் மாற்றங்களைப் பதியும் தொடக்கக்காலக் கருவிகளில் ஒன்று. அது ஒவ்வொரு மாற்றத்தையும் வாங்கிக்கொள்ளும்போது குறிப்பு என்ன என்று கேட்டு நின்றது. கேட்டது தவிர, பதிலின் தரத்தை அதனால் சோதிக்க முடியவில்லை. அதன் பிறகு வந்த எதனாலும் முடியவில்லை. லினக்ஸ் கருநிரலில் ‘யார்’ என்பதற்கே தனி அழுத்தம் வந்ததும் ஒரு சொத்துத் தகராறால்தான். 2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மீது யூனிக்ஸ் உரிமை சம்பந்தமாக வழக்குப் போட்டது. 2004இலிருந்து லினக்ஸுக்குத் திருத்தம் அனுப்புகிற ஒவ்வொருவரும் இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று குறிப்பின் அடியில் பெயரிட்டுக் கையொப்ப வரி எழுத வேண்டும் என்று ஆயிற்று. பத்திரத்தின் கடைசியில் எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போடுவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிது.

2005 ஏப்ரலில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் கருவியின் இலவச உரிமம் கைவிட்டுப் போக, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் கிட்டை எழுதி, லினக்ஸ் நிரலை 2.6.12இன் ஒரு முன்னோட்டப் பதிப்பிலிருந்து அதில் ஏற்றினார். அந்த முதல் கமிட்டின் குறிப்பிலேயே, முழு வரலாறும் கையில் இருந்தும் இப்போது கொண்டுவரவில்லை, அது 3.2 ஜி.பி. அளவுக்கு வரும், தேவையானால் பிறகு தனியே சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார். அப்படியே பிற்பாடு வேறு சிலர் பழைய வரலாற்றைத் தனிக் களஞ்சியமாகத் தொகுத்தார்கள். இன்று ஒரு வரியின் பிறப்பைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர் பல சமயம் 2005 ஏப்ரலில் சுவரில் முட்டி நிற்கிறார். அந்தச் சுவரில் ‘ஏன் சுவர்’ என்றாவது எழுதியிருக்கிறது. இதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் திருமழபாடியில் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்துப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். கட்டி முடிந்து, இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில் அவை புதிய சுவரில் மறுபடி பொறிக்கப்பட்டன. பொறித்தவர்கள் இந்தக் கதையையும் சேர்த்தே பொறித்தார்கள். நிவந்தம் செல்லுபடியாவது கல்லில் எழுத்து இருக்கிற வரைக்கும் என்று அறிந்தவர்கள் கல்லைப் பிரிக்கும் முன் எழுத்தைக் காப்பாற்றினார்கள். ஜி.பி. கணக்கு அவர்களுக்குத் தெரியாது. சிற்பிக்குக் கொடுக்க வேண்டிய கூலி தெரிந்திருக்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை இன்னும் எடுக்கவில்லை. நிரலே எல்லாவற்றையும் சொல்கிறது, நன்றாக எழுதிய நிரலுக்கு விளக்கம் வேண்டாம், வேண்டுமானால் நிரலுக்குள்ளேயே உரைக்குறிப்பு எழுதலாம் என்பது அது. குனூ திட்டத்தின் மரபு இதற்குக் கிட்டத்தில் நிற்பது: மாற்றப் பட்டியலில் என்ன மாறியது என்று எழுது, விளக்கம் நிரலுக்குள் இருக்கட்டும் என்பது அதன் போக்கு. இதில் பாதி உண்மை. இன்றைய நிரல் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு உரைக்குறிப்பே சரியான இடம். ஆனால் நீக்கிய வரிக்கு உரைக்குறிப்பு எங்கே எழுதுவது? இல்லாத ஒன்றின் பக்கத்தில் எழுத முடியாது. அதற்குக் கமிட் குறிப்பை விட்டால் வேறு இடமில்லை. இருக்கும் வரியிலும் நிரல் ஊமையாகிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு, தமிழிலேயே கைக்கெட்டும் உதாரணம் இருக்கிறது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். முதலில் ‘ஸ’வைக் கொண்டு அமைத்தார்கள், 2005இல் வந்த 4.1 பதிப்பில் ‘ஶ’ தனி எழுத்தாகச் சேர்ந்தபின் அதைக் கொண்டு அமைக்கும் முறையும் வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவகையில் பதிந்த ‘ஸ்ரீதர்’ இன்னொரு வகையில் தேடினால் அகப்படமாட்டார். இதைச் சரிசெய்ய ஒருவர் எழுதும் வரி, ‘ஸ்ரீ’ என்று வந்தால் ‘ஶ்ரீ’ என்று மாற்று என்பதாக இருக்கும். திரையில் அதைப் படிப்பவருக்கு ஓர் எழுத்தை அதே எழுத்தாக மாற்றச் சொல்லும் பைத்தியக்கார வரியாகத் தெரியலாம். துப்புரவு மனப்பான்மையுள்ள அடுத்த ஆள் அதை நீக்கிவிடுவார், நல்லெண்ணத்தோடுதான். நிரல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. படித்தவர் கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு பதிலும் சொல்வார்கள்: காரணம் பிழைப்பட்டியலில் பேசப்பட்டிருக்கிறது, குறிப்பில் அதன் எண்ணைப் போட்டால் போதும் என்று. இது அச்சு அசலாகப் பட்டாவின் குறிப்புரைப் பத்தி. உத்தரவு எண் இருக்கிறது. உத்தரவு இருக்கும் கோப்பு எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கிறது, ஊர் வட்டம் மாறி மாவட்டம் பிரிந்தபோது எந்த வண்டியில் ஏறியது என்பது வேறு கதை. மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் பிரிந்தது 1985 செப்டம்பர் 15இல், யு.டி.ஆர். வேலை முடியாமல் இருந்த நேரத்தில். எண்ணைக் குறிப்பது நல்லது. எண்ணோடு இரண்டு வரி சாரமும் எழுதினால், கோப்பு தொலைந்த அன்றைக்கு அந்த இரண்டு வரியே கோப்பு. இப்போது இயந்திரமே மாற்றத்தைப் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறதே என்பவர்களுக்கும் இதே பதில் கொஞ்சம் நீளும். அது என்ன மாறியது என்பதை அழகாகச் சொல்லும். அதைத்தான் கிட் ஏற்கெனவே வரி வரியாக வைத்திருக்கிறது. எதிர்த் தெருக்காரர் புகாரின் பேரில் மாற்றினோமா, முந்தைய ஆள் தவறாக அளந்தார் என்பதாலா என்பது மாற்றத்துக்குள் இல்லையே, எங்கிருந்து எடுக்கும்? யாராவது சொன்னால்தான் அதற்கும் தெரியும்.

தமிழில் கட்டற்ற மென்பொருள் வேலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. கே.டி.ஈ., குனோம் போன்ற திரைச் சூழல்களைத் தமிழாக்கியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வேறெங்கிருந்தும் ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் தொடர்ந்தவர்கள். குனோமின் களஞ்சியத்தில் அவர்கள் வேலையின் தடம் பெரும்பாலும் ஒரே வாசகமாக இருக்கிறது: தமிழ் மொழிபெயர்ப்பு புதுப்பிக்கப்பட்டது. மறுபடி, தமிழ் மொழிபெயர்ப்பு புதுப்பிக்கப்பட்டது. குடும்ப அவசியத்தை முன்னிட்டு. தன்னார்வலரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆயிரக்கணக்கான சொற்றொடர்களை இரவு உட்கார்ந்து பெயர்த்தவரிடம் கட்டுரையும் கேட்பது கொடுமை. ஆனால் ஒரு பட்டியில் ஒரு சொல்லை ஏன் விட்டு இன்னொன்றை ஏன் எடுத்தார்கள், ‘கோப்பு’ எங்கே பொருந்துகிறது, ‘ஆவணம்’ எங்கே பொருந்துகிறது, பெயர்ச்சொல்லா ஏவல்வினையா என்பதில் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருந்த கணக்கு. அடுத்து வருபவர் அதே சண்டையை முதலிலிருந்து போட்டு, போன முறை கைவிட்ட சொல்லையே புதிதாகக் கண்டுபிடிப்பார். குறிப்பு எழுத இடம் இல்லாமலும் இல்லை. மொழிபெயர்ப்புக் கோப்பின் ஒவ்வொரு சொற்றொடருக்கு மேலும் பெயர்ப்பாளர் குறிப்புக்கென்று ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கிறது. கமிட் குறிப்பின் தலைப்பு வரி 50 எழுத்துக்குள் இருக்கட்டும் என்று 2008இல் நிரலாளர் டிம் போப் சொன்னது ஆங்கிலக் கணக்கு. ‘க்’ என்ற ஒற்றை எழுத்தையே யூனிகோடு இரண்டாக எண்ணுவதால் தமிழனுக்கு அந்த 50 சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் அடுத்த பத்தியில் எவ்வளவு எழுதினாலும் தடையில்லை. பட்டாவின் கடைசிப் பத்தி அவ்வளவு அகலம் கிடையாது.